ஒரே ஆண்டு, இரண்டு பஞ்சாங்கம்: 1978இல் தென்னாப்பிரிக்கா இழந்தவர்கள்

டர்பன் நகரில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் படம் மாட்டியிருக்கிறது. சட்டத்தின் அடியில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு. அதில் அவர் பெயரும், 1906 – 1978 என்ற இரண்டு எண்ணும். தகட்டைச் செய்து கொண்டுவந்தவர் அப்பா. ஆயாவுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. "அவர் போனது பிங்கள வருஷம் பங்குனி. வெறுமனே 1978 என்று போட்டால் பிங்களவா காளயுக்தியா என்று எவனுக்குத் தெரியும்?" என்று கேட்பாள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவள். ஆனால் பிரபவ தொடங்கி அட்சய வரை அறுபது வருஷப் பெயரையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள்.

ஆயாவின் கணக்கில் தப்பே இல்லை. 1977 ஏப்ரல் நடுவில் பிறந்த பிங்கள, அடுத்த ஏப்ரல் நடுவில் முடிந்தது. அப்புறம் காளயுக்தி. 1978 என்ற ஒற்றை எண்ணுக்குள் இரண்டு தமிழ் வருஷம் இருக்கிறது. திதி கொடுக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். மற்றவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1978இல் இந்த நாட்டில் இறந்த பெயர் பெற்றவர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் ஆயாவின் சண்டைக்கு வேறு அர்த்தம் இருப்பது புரிந்தது.

ஆண்டுக் கடைசியில் பத்திரிகைகள் வெளியிடும் அஞ்சலிப் பட்டியல் எல்லாருக்கும் பழக்கம்தான். அரசியல், கலை, விளையாட்டு, அறிவியல் என்று பிரித்து, ஆளுக்கு இரண்டு வரி எழுதி, ஒரு படம் போடுவார்கள். 1978க்கான உலகப் பட்டியலை எடுத்தால் முதலில் நிற்பவர்கள் இரண்டு போப்பாண்டவர்கள். ஆறாம் பவுல் ஆகஸ்ட் 6 அன்று இறந்தார். அவருக்குப் பின் வந்த முதலாம் ஜான் பால் 33 நாள் மட்டுமே பதவியில் இருந்து செப்டம்பர் 28 அன்று போய்விட்டார். கென்யாவின் முதல் அதிபர் ஜோமோ கென்யாட்டா ஆகஸ்ட் 22. தமிழ்நாட்டில் பெரியாரின் துணைவியார் மணியம்மையார் மார்ச் 16. பொங்கலன்று, ஜனவரி 14இல், கணித உலகின் பெரிய மூளைகளில் ஒன்றான கர்ட் கோடல் அமெரிக்காவில் இறந்தார். உணவில் யாராவது நஞ்சு வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் சாப்பிடாமலே உடல் கரைந்து போன மனிதர் அவர். இவர்களை ஒரே பக்கத்தில் சேர்த்து வைப்பது நாட்காட்டி மட்டும்தான்.

தென்னாப்பிரிக்கப் பட்டியல் அப்படி இல்லை. என் தாளில் ஆறு பெயர்கள் இருந்தன. ஜனவரி 8, டர்பனில் தத்துவ ஆசிரியர் ரிக் டர்னர். ஜனவரி 12, அதே டர்பனில் டாக்டர் மான்ட்டி நாயக்கர். பிப்ரவரி 27, கிம்பர்லியில் ராபர்ட் சொபுக்வே. மே 19, மாஸ்கோவில் மோசஸ் கொட்டானே. ஜூலையில், மறுபடி டர்பனில், கோல்ஃப் ஆட்டக்காரர் பாப்வா சிவ்கோலம். ஆகஸ்ட் 21, கேப் டவுனில் நாட்டின் அதிபர் நிக்கோ டீடெரிக்ஸ். ஆறாமவரின் அரசாங்கம்தான் மற்ற ஐந்து பேரையும் ஏதோ ஒரு விதத்தில் முடக்கிப்போட்டது. இவர்களை அரசியல், கல்வி, விளையாட்டு என்று பெட்டி பெட்டியாகப் பிரித்தால் விஷயமே கைநழுவிப் போய்விடும்.

இப்போது ஆயாவின் பஞ்சாங்கத்தை எடுப்போம். டர்னரும் நாயக்கரும் மார்கழியில் போனார்கள். டர்பனில் மார்கழி என்றால் கோலமும் பனியும் கிடையாது, வியர்வை வழியும் கோடை, தெருவோரம் லிச்சிப் பழக் குவியல். சொபுக்வே மாசியில். இந்த மூவரும் பிங்கள. கொட்டானே வைகாசி, பாப்வா ஆனி, டீடெரிக்ஸ் ஆவணி. இவர்கள் காளயுக்தி. சரி, பிங்கள வருஷத்தில் இவர்களுக்கு முன்னால் போனவர்கள் யார் என்று பார்த்தால், 1978 பட்டியலில் இடமே இல்லாத இரண்டு பேர் வந்து சேர்ந்துகொள்கிறார்கள்.

ஒருவர் ஹூசேன் ஹஃபேஜி. டர்பனில் வேலை பார்த்த பல் மருத்துவர், வயது 26. 1977 ஆகஸ்ட் தொடக்கத்தில், ஆடி மாதத்தில், இங்கே மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் குளிர்காலத்தில், பாதுகாப்புப் போலீஸ் அவரைப் பிடித்தது. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பிரைட்டன் பீச் காவல் நிலையத்தில் பிணமாகக் கிடந்தார். உடம்பெல்லாம் காயம் இருந்தும் தூக்குப் போட்டுக்கொண்டார் என்று எழுதி முடித்தார்கள். அந்தத் தீர்ப்பை உயர் நீதிமன்றம் மாற்றியது 2023இல். இன்னொருவர் கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தின் தலைவர், உலகம் அறிந்த ஸ்டீவ் பிக்கோ. போர்ட் எலிசபெத்தில் விசாரணையில் மூளையில் அடிபட்டு, ஆடையில்லாமல் வண்டியின் பின்பக்கம் கிடத்தப்பட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிரிட்டோரியாவுக்கு ஓட்டிக்கொண்டு போகப்பட்டு, செப்டம்பர் 12 அன்று இறந்தார். அக்டோபர் 19 அன்று கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தின் அமைப்புகளையெல்லாம் ஒரே நாளில் அரசு தடை செய்தது. கறுப்பர்கள் அதிகம் வாசித்த நாளிதழ் ஒன்றையும் அன்றே மூடியது.

ஆக, ஹஃபேஜி, பிக்கோ, டர்னர், நாயக்கர், சொபுக்வே ஐந்து பேரும் பிங்கள வருஷத்துச் சாவுகள். டிசம்பர் 31 அன்று கோடு கிழிக்கிற நாட்காட்டி பிக்கோவை 1977இலும் டர்னரை 1978இலும் போட்டுவிடுகிறது. இருவரும் ஒரே ஊரில் பழகிய நண்பர்கள், 1973 தொடக்கத்தில் அடுத்தடுத்துத் தடை ஆணை வாங்கியவர்கள். இருவரின் சாவுக்கும் இடையே நான்கு மாதம்கூட இல்லை. என்னைக் கேட்டால், அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள ஜனவரி டிசம்பரைவிடச் சித்திரை பங்குனி நன்றாக உதவுகிறது. தமிழ் வருஷத்துக்கு ஏதோ தெய்வ சக்தி உண்டு என்று சொல்ல வரவில்லை. வரலாறு எந்தப் பஞ்சாங்கத்தையும் பார்த்து நடப்பதில்லை. கோட்டை வேறு இடத்தில் கிழித்தால் வேறு உருவம் தெரிகிறது, அவ்வளவுதான்.

தடை ஆணை என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பெரியவர்கள் 'அவரை பேன் பண்ணிட்டாங்க' என்று சாதாரணமாகச் சொல்வார்கள், ஏதோ காய்ச்சல் வந்துவிட்டது மாதிரி. வழக்கு கிடையாது, நீதிபதி கிடையாது. அமைச்சரின் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் வரும். அதிலிருந்து ஐந்து வருஷத்துக்கு நீங்கள் உங்கள் வட்டாரத்தை விட்டு வெளியே போகக்கூடாது. ஒரே சமயத்தில் ஒருவருக்கு மேல் பேசக்கூடாது, ஆகவே கல்யாணம் கருமாதி எதற்கும் போக முடியாது. வகுப்பு எடுக்கக்கூடாது, எதையும் எழுதி வெளியிடக்கூடாது. எல்லாவற்றையும்விடக் கொடியது, நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையைக்கூடப் பத்திரிகை மேற்கோள் காட்டக்கூடாது. ஐந்து வருஷம் முடிந்தால் இன்னொரு கடிதம் வரலாம்.

ஒரு மனிதர் இறந்தபின் அவரைப் பற்றி எழுத வேண்டுமானால் அவர் என்ன சொன்னார், என்ன எழுதினார் என்று ஜனங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தடை ஆணை அந்த வேரையே அறுத்துவிடும். பத்து வருஷம் அச்சில் குரலே வராத ஒருவர் செத்தால், அஞ்சலி எழுதுகிறவருக்கே கையில் பிடிக்க ஒன்றும் இருக்காது. 1978இன் பட்டியலை வாசிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரிக் டர்னர் வெள்ளையர். கேப்பில் பிறந்து, பாரிஸில் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கி, 1970இல் நேட்டால் பல்கலைக்கழகத்துக்கு அரசியல் கற்பிக்க வந்தவர். வகுப்பறையில் தொடங்கிய பேச்சு தொழிலாளர்களின் கூலிக் கணக்குக்குப் போனது. அவருடைய மாணவர்கள் ஆலைத் தொழிலாளர்களின் சம்பளத்தைக் கணக்கெடுத்து, ஒரு குடும்பம் பிழைக்க எவ்வளவு வேண்டும் என்று துண்டறிக்கை போட்டார்கள். 1973 ஜனவரி 9 அன்று டர்பனில் ஒரு செங்கல் சூளைத் தொழிலாளர் இரண்டாயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள். மார்ச்சுக்குள் அது நகரத்து ஆலைகளுக்கெல்லாம் பரவி, 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை நிறுத்தம் செய்திருந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள். நெசவாலைகளில் அவர்களோடு நம் இந்தியப் பெண்களும் இருந்தார்கள். என் அம்மா அப்போது ஒரு தையல் ஆலையில் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தாள். இயந்திரச் சத்தம் சட்டென்று நின்று, பக்கத்துக் கட்டடத்தில் ஜூலு மொழியில் பாட்டுக் கேட்டது என்று இன்றும் சொல்வாள். அதற்குப் பின்னால் இருந்த யோசனைகளில் ஒரு பங்கு ஒரு தத்துவ வாத்தியாருடையது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அந்த பிப்ரவரியிலேயே டர்னருக்குத் தடை ஆணை வந்தது. வெள்ளையரல்லாத பெண்ணை இஸ்லாமிய முறைப்படி மணந்தவர் அவர். நாட்டுச் சட்டம் அதைத் திருமணமாகவே ஏற்கவில்லை. ஆணை முடிய இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில், 1978 ஜனவரி 8, நள்ளிரவு கடந்த நேரத்தில், டர்பனின் பெல்லேரில் அவர் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். யார் என்று பார்க்கச் சன்னல் பக்கம் போனவரை அந்தச் சன்னல் வழியாகவே சுட்டார்கள். பதின்மூன்று வயது மகளின் கைகளில் உயிர் போனது. வயது 36. சுட்டது யார் என்று இதுவரை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. யாரும் தண்டிக்கப்படவில்லை.

நான்கு நாள் கழித்து மான்ட்டி நாயக்கர். முழுப்பெயர் ககதுரா மொஹாம்பிரி நாயக்கர். இந்த ஊரில் நம் பெயர்கள் எல்லாம் துறைமுகத்து எழுத்தரின் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் நிலைத்தன. கவுண்டரும் முதலியாரும் படையாச்சியும் என்னென்ன எழுத்துக்கூட்டலில் திரிகிறார்கள் என்று தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டினால் தெரியும்.

1910இல் டர்பனில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு 1934இல் திரும்பினார். அங்கே அவருடன் படித்தவர்கள் யூசுப் தாதுவும், டாக்டர் குணம் என்று இங்கே எல்லாரும் அழைத்த கேசவேலு குணமும். அந்தக் காலத்தில், 1894இல் காந்தி தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரஸ், மனு எழுதி அமைச்சரைப் பார்த்துவிட்டு வரும் வசதியான வணிகர்களின் கையில் இருந்தது. கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகளுக்கு அதில் பேச்சே இல்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் இறங்கிய 342 பேரில் தொடங்கிய நம் கூட்டம், எண்பது வருஷம் கழித்தும் தன் பெயரில் இருந்த கட்சியின் வாசலில்தான் நின்றது. தொழிற்சங்கங்கள் உள்ளே வந்த பிறகுதான் அது மாறியது. 1945 அக்டோபரில் கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி நாயக்கரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்த வருஷமே சோதனை வந்தது. நேட்டாலில் இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கோடு போடும் சட்டம் 1946இல் வந்தது. 'கெட்டோ சட்டம்' என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஜூன் 13 அன்று உம்பிலோ சாலையும் கேல் தெருவும் சந்திக்கும் மூலையில், வெள்ளையர் பகுதி என்று ஒதுக்கிய ஒரு காலி மனையில், தொண்டர்கள் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். இரவில் வெள்ளை இளைஞர்கள் கூட்டமாக வந்து கூடாரத்தைக் கிழித்து, உட்கார்ந்திருந்தவர்களை, பெண்கள் உட்பட, அடித்தார்கள். மறுநாள் வேறு தொண்டர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தாத்தா அங்கே உட்காரவில்லை. அதை அவர் மறைத்ததும் இல்லை. வாழைப்பழம் விற்கிற கை வண்டியை எதிர்ப்புறம் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாராம். "சேலை கட்டிய பொம்பளைகள் அடி வாங்கிக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகக் கால் வரவில்லை" என்பார். அந்தப் போராட்டத்தில் சுமார் 2,000 பேர் சிறைக்குப் போனார்கள். நாயக்கரும் தாதுவும் ஆறு மாதக் கடுங்காவல் அனுபவித்தார்கள். அந்த ஆண்டே இந்தியா இந்த விவகாரத்தை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுபோனது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி உலக மேடையில் வழக்காக நின்றது அப்போதுதான்.

1947 மார்ச்சில் நாயக்கர், தாது, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தலைவர் சூமா ஆகிய மூன்று மருத்துவர்களும் இனி சேர்ந்து போராடுவோம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று டாக்டர் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். தாளில் கையெழுத்துப் போடுவது எளிது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் மூண்ட கலவரத்தில் 142 பேர் செத்தார்கள், கேட்டோ மேனரில் நம் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதற்கு அப்புறமும் அந்த ஒப்பந்தத்தைக் கைவிடாமல் இருந்ததுதான் நாயக்கர் செய்த பெரிய காரியம் என்பது என் எண்ணம். கூடார மறியலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை அவ்வளவாகப் பேசுவதில்லை. எரிந்த வீட்டுக்காரனிடம் போய், எரித்தவனோடு கைகோர்க்க வேண்டும் என்று சொல்வதற்கு, சிறைக்குப் போவதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும். 1952 ஒத்துழையாமை இயக்கத்தில் அவர் மறுபடி சிறை சென்றார். 1956 டிசம்பரில் தேசத் துரோக வழக்கில் கைதான 156 பேரில் ஒருவர். அப்புறம் 1973 வரை பெரும்பாலும் தடை ஆணைதான்.

இரண்டு தலைமுறை இப்படி அவர் குரல் கேட்காமலே வளர்ந்தது. தடை நீங்கியபோது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ஓய்வாக இருந்திருக்கலாம். இந்தியர்களுக்கென்று அரசு நியமித்த ஒரு ஆலோசனைச் சபையை எதிர்க்கும் குழுவுக்குக் கடைசிக் காலத்தில் தலைமை ஏற்றார். பொம்மைச் சபையில் உட்காரக்கூடாது என்பதுதான் அந்தக் குழுவின் ஒரே பேச்சு. அது எங்கே போய் நின்றது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ராபர்ட் சொபுக்வே பல்கலைக்கழகத்தில் ஜூலு மொழி கற்பித்தவர். 1959இல் பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸைத் தொடங்கி, 1960 மார்ச் 21 அன்று, கறுப்பர்கள் எந்நேரமும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற கடவுச் சட்டத்துக்கு எதிராக மக்களைக் காவல் நிலையங்களுக்கு அழைத்தார். ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் செத்த நாள் அது. மூன்று வருஷத் தண்டனை முடிந்தும் அவரை வெளியே விட அரசுக்குப் பயம். அவர் ஒருவருக்காகவே ஒரு சட்டப் பிரிவு எழுதி, வருஷா வருஷம் நாடாளுமன்றத்தில் புதுப்பித்து, ஆறு வருஷம் ராபன் தீவில் தனி வீட்டில் வைத்தார்கள். மற்றக் கைதிகளோடு பேசக்கூடாது. அவர்கள் வரிசையாக அந்தப் பக்கம் போகும்போது, குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, விரல் இடுக்கு வழியாக மெல்ல உதிர விடுவாராம். இந்த மண்ணின் பிள்ளைகள் நாம் என்று அதற்குப் பொருள். 1969இல் கிம்பர்லியில் கொண்டுபோய்த் தடை ஆணையில் போட்டார்கள். அங்கேயே சட்டம் படித்து வழக்கறிஞரானார். நுரையீரல் புற்றுநோய் வந்தபோது சிகிச்சைக்கு வேறு ஊர் போகவும் அரசிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. இறக்கும்போது வயது 53.

மோசஸ் கொட்டானேயின் சாவு இங்கே பலருக்குத் தெரியவே தெரியாது. பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத கிராமத்துப் பிள்ளை, 1939 முதல் சாகும்வரை கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர். 156 பேர் வழக்கில் நாயக்கரோடு நின்றவர். பத்து வருஷம் பக்கவாதத்தோடு மாஸ்கோவில் கிடந்து அங்கேயே அடக்கமானார். 2015இல்தான் எலும்புகள் ஊர் வந்தன.

பாப்வாவை விளையாட்டுப் பக்கத்தில்தான் போடுவார்கள். சேவ்சங்கர் சிவ்கோலம் என்று பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சரியாகச் சொன்னால் சிவசங்கர் என்று வரும். இந்தி பேசும் ஏழைக் குடும்பம். மரக்கிளையை வெட்டி மட்டை மாதிரி செதுக்கி அடித்துப் பழகி, வெள்ளையர் கிளப்பில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் 'கேடி'யாக இருந்து ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துக் கற்றவர். என் சித்தப்பாவும் அந்த நாளில் கேடி வேலை பார்த்தவர்தான். பாப்வா பேச்சை எடுத்தாலே எழுந்து மூலையில் இருக்கும் விளக்குமாற்றுக் கட்டையை எடுத்துவிடுவார். "எல்லாரும் எப்படிப் பிடிப்பான்? இடது கை மேலே, வலது கை கீழே. பாப்வா பார், வலது மேலே, இடது கீழே!" கூடத்தில் நின்று அப்படியே ஒரு வீச்சு வீசுவார். சித்தி மேசை விளக்கை நகர்த்தி வைப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்காததால் வந்த பிடி அது. பயிற்சியாளர் எவரும் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே மாற்றியிருப்பார்.

ஆயில் ஆஃப் ஓலே என்ற முகப் பூச்சை டர்பனில் தயாரித்த கிரகாம் வுல்ஃப் என்பவரிடம் பாப்வா வேலை பார்த்தார். ஆளின் திறமையைப் பார்த்து வுல்ஃப் அவரை 1959இல் ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். போன வருஷமே நெதர்லாந்து ஓபன் பட்டம். 1960இல் மறுபடி, 1964இல் மூன்றாம் முறை. உள்ளூரில் விளையாட மட்டும் இடமில்லை. எப்படியோ சிறப்பு அனுமதி கிடைத்து 1963 ஜனவரியில் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓபன் ஆடினார், வென்றார். பரிசளிப்பு கிளப்ஹவுஸுக்குள் நடக்க வேண்டும். சட்டப்படி இந்தியர் விருந்தினராக உள்ளே நுழையக்கூடாது. பரிசை வெளியே கொடுத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. தோற்றவர்கள் கூரைக்கு உள்ளே, வென்றவர் கோப்பையோடு மழையில். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் மழையோடு நிறுத்திவிடுவார்கள். மீதிதான் முக்கியம். 1965இல் அவர் நேட்டால் ஓபனை மறுபடி வென்றார். அந்த முறை தோற்றவர்களில் உலகப் புகழ் பெற்ற வெள்ளை ஆட்டக்காரர் கேரி பிளேயரும் இருந்தார். அதற்கு மேல் அரசால் பொறுக்க முடியவில்லை. உள்நாட்டுப் போட்டிகளில் அவருக்கு அனுமதி நின்றது. பார்வையாளராகக்கூட மைதானத்துக்குப் போக முடியாமல் ஆனது. பாஸ்போர்ட்டும் போனது. ஒரு ஆட்டக்காரன் உச்சத்தில் இருக்க வேண்டிய வயதில் பத்து வருஷத்துக்கும் மேல் சும்மா இருந்தார். ஐம்பதைத் தொடும் முன்பே, 1978 ஜூலையில், மாரடைப்பு. தடை ஆணைக் கடிதம் அவருக்கு வரவே இல்லை. டர்னரின் வகுப்பறையை மூடிய அதே கை இவருடைய மைதானத்தையும் மூடியது, அதற்குப் பயன்படுத்திய சட்டம்தான் வேறு. விளையாட்டு என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரியில் இதை எப்படிச் சொல்ல முடியும்?

இப்போது டர்பனில் பாப்வா பெயரில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது, ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம், உம்கேனி ஆற்றங்கரையில். பழைய பைன் தெரு இன்று மான்ட்டி நாயக்கர் சாலை. கமர்ஷியல் சாலை டாக்டர் சூமா பெயரிலும், நாம் தீபாவளிக்குச் சேலை வாங்கப் போகும் கிரே தெரு யூசுப் தாது பெயரிலும் இருக்கின்றன. மூன்று டாக்டர்களையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். பல்கலைக்கழகத்துப் பக்கம் ஃபிராங்கோயிஸ் சாலை ரிக் டர்னர் சாலையாகிவிட்டது. டாக்சிக்காரர்கள் இன்னமும் பைன் தெரு என்றுதான் கூவுகிறார்கள்.

மிச்சம் டீடெரிக்ஸ். நிதியமைச்சராக இருந்தபோது தங்க விலையைப் பற்றியே பேசியதால் 'மிஸ்டர் கோல்ட்' என்று பெயர் எடுத்தவர், 1975 முதல் அலங்கார அதிபர். இருந்தபோது செய்ததைவிட அவர் சாவு செய்த காரியம் பெரிது. காலியான அந்த நாற்காலிக்குப் பிரதமர் ஃபோர்ஸ்டர் போனார். தகவல் துறை ஊழல் அவர் கழுத்தை நெருக்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஃபோர்ஸ்டர் விட்ட இடத்துக்கு 1978 செப்டம்பர் 28 அன்று பி. டபிள்யூ. போத்தாவை ஆளும் கட்சி தேர்ந்தெடுத்தது. போத்தாவின் யோசனைதான் மூன்று சபை நாடாளுமன்றம். வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தாருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. நாட்டில் பெரும்பான்மையான ஆப்பிரிக்கர்களுக்கு ஒன்றும் இல்லை. பெரிய அதிகாரம் எல்லாம் வெள்ளையர் கையிலேயே.

இந்தியர் சபைக்கு 1984 ஆகஸ்ட் 28 அன்று தேர்தல். நாயக்கர் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன அதே பேச்சு, பொம்மைச் சபை வேண்டாம் என்பது, சாட்ஸ்வொர்த்தின் சுவர்களில் எல்லாம் இருந்தது. இளைஞர்கள் வீடு வீடாக வந்தார்கள். வேட்பாளர்களின் ஆட்களும் வந்தார்கள், வயதானவர்களை வாக்குச் சாவடிக்குக் கூட்டிப்போகக் கார் வைத்துக்கொண்டு. பதிவு செய்திருந்த இந்திய வாக்காளர்களில் ஓட்டுப் போட்டது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். எங்கள் வாசலிலும் அந்தக் கார் வந்து நின்றது. ஆயா வெளியே வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "டாக்டர் இருந்திருந்தால் போகச் சொல்லியிருப்பாரா?" என்று காரில் இருந்தவரைக் கேட்டாள். எந்த டாக்டர் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. கார் அடுத்த வீட்டுக்குப் போனது.